ஆறு மணிக்கு அணையும் விளக்கு

பெரியவனின் அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேத்தி கணக்கில் முதலாவதாக வந்ததை ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். அஞ்சாவதோடு நின்றவளின் பேத்தியாக்கும்!

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். ஆட்கள் வேலை பார்த்தே மனம் நொந்துபோகிறார்கள், நேரத்தோடு வீட்டுக்குப் போகட்டும் என்று, ஆறு மணிக்கு விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டார். வேலையைக் குறைக்க மட்டும் மறந்துவிட்டார். அதனால் ஆறடித்ததும் ஏழெட்டுப் பேர் கம்ப்யூட்டரோடு நான் டீ போடும் அறைக்குள் வந்துவிடுகிறார்கள். அங்கே மட்டும்தான் விளக்கு எரியும். ஒரு பெண் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்குப் பாடிக்கொண்டே வேலை செய்வாள்.

“சொல்லிடாதீங்க பாட்டி, வேலை முடிக்கத் தெரியாதவள்னு என் பேர் கெட்டுடும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் மேனேஜர் கேட்டார். “எல்லாரும் ஆறு மணிக்குக் கிளம்பிடறாங்களா பாட்டி?”

“டாண்ணு கிளம்பிடறாங்க ஐயா” என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். “அப்போ இன்னும் கொஞ்சம் தாங்குவாங்க” என்று ஆளுக்கொரு வேலையைக் கூட்டிவிட்டார்.

நேற்று அந்தப் பெண் பாடவில்லை. “குழந்தை தூங்கிடுச்சா?” என்றேன்.

“இல்ல பாட்டி, அழுதுட்டுதான் இருக்கு. சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கேன்.”

இப்போது உண்மையைச் சொன்னால் அவள் பேர் போகும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே நாலு வரி, பேத்தியை எழுதச் சொல்லாமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

மணி ஆறாகப் போகிறது. இன்றைக்குப் பத்துப் பேராம், நாற்காலி போதாது. பேனாவை வைக்கிறேன்.