அலமேலுவின் கன்னம்

கொல்லம் 1101, மேடம் 9

இன்று செய்தது சரிதானா என்று தெரியவில்லை. படுத்தும் கண் மூடவில்லை.

வலியசாலை குமாஸ்தா சாமியின் மகள் அலமேலு வைசூரி கண்டு பிழைத்தவள். அதற்காக அவர் அம்மன் கோவிலுக்கு நேர்ந்துகொண்ட வெண்கலப் பாவை விளக்குக்கு, அவள் முகத்தையே மெழுகில் செதுக்கி வந்தேன். "வடு ஒண்ணும் வேண்டாம். பழைய முகமாவே இருக்கட்டும். பெண் பார்க்க வரவா கண்ணில படும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

இன்று இருவரும் கரமனையில் என் பட்டறைக்கு வந்தார்கள். வழவழப்பான கன்னத்தைப் பார்த்துத் திருப்தியோடு அவர் ஆற்றில் கால் கழுவப் போனார். நான் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினால், அலமேலு கொண்டை ஊசியால் மெழுகைக் குத்திக்கொண்டிருக்கிறாள். தன் கன்னத்தை ஒரு விரலால் தடவித் தடவி, அதே இடங்களில் குத்துகிறாள்.

"இதென்ன காரியம், கொழந்தே?"

"அம்மன் காப்பாத்தினது இந்த முகத்தைத்தானே, ஆசாரி? வேற ஒருத்தியை எதுக்கு அங்க கொண்டு நிறுத்தணும்?"

சூட்டுக் கம்பியை ஒரு தடவை இழுத்தால் குழிகள் மறைந்துவிடும். கம்பியைக் கையில் எடுத்தேன். அவள் தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பியைக் கீழே வைத்துவிட்டு, அவர் படியேறி வருவதற்குள் பாவையின் முகம் மறைய வார்ப்பு அச்சுக்கான வண்டல் மண்ணைப் பூசினேன்.

"அதுக்குள்ள மண் பூசியாச்சா?" என்று கேட்டார்.

"நல்ல நேரம் போயிடும், சாமி" என்று பொய் சொன்னேன்.

மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் வெண்கலம் வார்த்தால் அவள் குத்திய குழிகளும் அப்படியே விழுந்திருக்கும். மண்ணை உடைக்கும்போது அவர் எதிரே இருப்பார். அரத்தால் ராவிவிடு என்பார். அலமேலுவும் பக்கத்தில் நிற்பாள்.