விழுந்தது நட்சத்திரம் இல்லை

அம்மாவுக்கு எழில்மதி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். கரும்புச் சோகை கிழித்த உன் கை ஆறிவிட்டதா? தங்கச்சியை இதை நிதானமாகப் படித்துக்காட்டச் சொல்.

நாகர்கோவில் பக்கம் பள்ளி பள்ளியாகக் கூடாரம் போட்டு, உள்ளே வானத்தைப் படமாகக் காட்டும் வேலை பழகிவிட்டது. நேற்று படத்தில் நட்சத்திரம் விழுந்ததும் ஒரு சிறுமி அழுதாள். “எங்க வீட்டுல யாராவது செத்துருவாவளாக்கா?” என்றாள். படத்தை நிறுத்தினேன். “நட்சத்திரம் சூரியனைப் போலத் தானே ஒளிவிடுவது. அது விழாது. விழுவது எரிகல். மணல் அளவு துகள்கூட வேகமாகப் பூமியின் காற்றுக்குள் பாய்ந்தால் அப்படி எரிந்துபோகும்” என்றேன். அழுகையை நிறுத்தி முழுப் படமும் பார்த்தாள். தாமதத்துக்கு மேலாளர் கொஞ்சம் திட்டினார், பெரிதாக ஒன்றுமில்லை.

உனக்கும் அதுதான் அம்மா. “நட்சத்திரம் வுழுந்தத பாத்துட்டு, தோசம் கழிய பச்ச மரத்த பாக்காம வுட்டுட்டேனே” என்று அப்பாவுக்காக இன்னும் அழுகிறாய். அப்பாவைக் கொன்றது கள்ளச்சாராயம். உன் கண் இல்லை.

இப்போது மறுபடி ஒன்று விழுந்ததாம், என்னை வந்துவிடச் சொல்கிறாய். வேலையை விட்டு வரமாட்டேன். கூடாரத்தை நம் ஊர்ப் பக்கம், கல்வராயன் மலைப் பள்ளிகளுக்குக் கொண்டுவரச் சொல்லி மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லும்வரை கேட்பேன்.

மல்லாட்டைப் பொடி அனுப்பு, இங்கே நிலக்கடலை என்று கேட்டாலும் அந்தப் பொடி கிடைப்பதில்லை. நீ கட்டிய பழைய புடவை ஒன்றையும் வை, போர்த்திக்கொள்ள வேண்டும். வண்டியில் ஹாரன் அடிக்கிறார்கள். இன்று இருட்டியதும் வெளியே வந்து வானத்தைப் பார் அம்மா, பயப்படாமல்.

எழில்மதி