அஸ்திவாரத்துப் பவளக்கல்

நேற்று தண்ணீர்க் குழாய் மாற்ற வந்தவர் வாசல் தரையை உடைத்தார். அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லைத் தூக்கி, "சார், கல்லுல பூப்பூவா இருக்கு, பாருங்க" என்றார். கையில் வாங்கியதும் உம் நினைவு வந்துவிட்டது, நண்பரே. எழுபதுகளில் உமது வள்ளத்தில் வந்த பவளக்கல் அது.

அப்போது தீவுப் பக்கமிருந்து பல வள்ளங்கள் அதைத்தான் சுமந்து வந்தன, சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும். கடலடியில் இருக்கும் அந்தத் திட்டைப் 'பார்' என்பீர். கடலிலிருந்து பார்த்தால் கரையின் மாதா கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே நேராக வருமிடத்தில் இருந்தது, உம் அப்பா காலத்திலிருந்து உம் வீட்டார் தூண்டில் போட்ட பார். அதை உடைத்தால் களவா மீன் எங்கே ஒதுங்கும் என்று நீர்தான் எனக்குச் சொன்னீர். சொல்லிவிட்டு, கடப்பாரையோடு நீரும் போனீர்.

வகுப்பில் சொல்கிற உதாரணத்தைச் சொன்னேன். பானையில் தண்ணீர் கொஞ்சம்தான். ஆளுக்கொரு தம்ளர் கூடுதலாகக் குடித்தால் கடைசிப் பெஞ்சுக்கு இருக்காது.

நீர் சிரித்தீர். "மொதப் பெஞ்சுக்காரன் தாகத்தோட இருந்தா, ரெண்டாவது பெஞ்சு அதையும் சேத்துக் குடிச்சிருவானே வாத்தியாரே!"

"யாராவது ஒருத்தர் மொதல்ல நிறுத்தணும்லா?"

நிறுத்தினீர். கரையில் ஒரே கேலி. "ஏலே, அண்ணாச்சி கடலுக்குக் காவல் இருக்காராம்லா!" சில மாதங்களில் மற்றவர்கள் உமது பாருக்கே வந்து உடைத்தார்கள். கல்லும் போயிற்று, மீனும் போயிற்று.

அந்நேரம் நான் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டுக் கல்லுக்காகக் காத்திருந்தேன். ஒருநாள் வண்டியோடு வந்து நின்றீர். "இந்தாரும், என் பார்ல மிச்சம் கெடந்தது. விட்டா அவனுவ காளவாய்ல போட்டுருவானுவ. ஒம்ம வீட்லயாவது கெடக்கட்டும்."

வாங்கி அஸ்திவாரத்தில் போட்டேன்.

உம்மிடம் மட்டும் நிறுத்தச் சொன்னது தவறா? சொல்லிவிட்டு அந்தக் கல்லை வாங்கியது தவறா? உடைத்தவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அவர்கள் பிள்ளைகளும் என் வகுப்பில்தான் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டியிருந்தது. நீர் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் குழப்புகிறது.

அதன்பின் ஓய்வு பெறும்வரை பானை உதாரணத்தை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. வாயெடுத்தாலே நீர் சொன்ன இரண்டாவது பெஞ்சு நினைவுக்கு வந்துவிடும்.

பூப்பூவான அந்தக் கல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. உமது பாரின் மற்ற கற்கள் கீழே வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல்தான் நான் படுத்து எழுகிறேன்.