மடவார் வளாகம் வரை மட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14-8-1938

அன்புள்ள மகள் தேவகிருபைக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகம், கொழும்பில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிற நீயும் சுகமாயிருக்க நாளும் ஜெபிக்கிறோம்.

அப்பாவை ராஜபாளையம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியதும், பஸ்ஸை நம்ப முடியாது என்று சைக்கிள் வாங்கினார்கள் அல்லவா, ஐம்பத்திரண்டு வயதில் முதல் நாளே எதிர்காற்றில் ஏழு மைலும் மிதித்துப் போய், சாயங்காலம் திரும்பி வந்து, சோற்றைத் தொடாமல் பாயில் விழுந்தார்கள். நாலாம் நாள் வகுப்பிலேயே மேஜைமேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார்கள். அதைப் பார்த்த தலைமையாசிரியர், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையிலிருந்து நிறுத்தும்படி எழுதிவிடுவேன் என்றாராம். நான் அழுது சத்தம் போட்டதில், "இனிமே பஸ்ஸுலயே போறேன்" என்று ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் எனக்குச் சந்தேகம். பஸ் எட்டு மணிக்கு, அப்பாவோ விடியும்போதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். கேட்டால் காற்றடிக்க என்றார்கள். தினமும் காற்றடிக்க அது டயரா சல்லடையா? அரைமணியில் சட்டை நனைந்து வருவார்கள், ஆனால் முகத்தில் களைப்பில்லை. இரண்டு நாள் போவார்கள், மூன்றாம் நாள் போகமாட்டார்கள். பக்கத்து வீட்டுச் சந்தனமேரி, "அண்ணன் ஒரு மைல் தள்ளி மடவார் வளாகம் கோயில் பக்கத்துல மரத்தடியில சும்மா உக்காந்திருக்காவ" என்று வந்து சொன்னாள். வேலை போய்விட்டதை மறைக்கிறார்களோ, நெஞ்சுவலியோ என்று என்னென்னவோ நினைத்தேன். அவர்கள் குளிக்கப் போன நேரம் மருந்துச்சீட்டு இருக்கிறதா என்று சட்டைப்பையைத் துழாவினேன், வறுத்த கடலையும் கருப்பட்டித் துண்டும்தான் இருந்தன.

மறுநாள் பால் வாங்கி வாரேன் என்று முன்னதாகவே கிளம்பிப்போய் அந்த மரத்துக்குப் பின்னால் நின்றேன். வந்து இறங்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள், மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார்கள். நான் முன்னால் வந்து, "என்ன சீட்டு அது?" என்றதும் பாவம், புரையேறிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் உன் கையெழுத்து! முதல் வாரம் மடவார் வளாகம் வரை மட்டும், மூச்சு வாங்காமல் பேசமுடிகிற வேகம், இரண்டு நாள் ஓட்டினால் ஒரு நாள் ஓய்வு, வெறும் வயிற்றில் கூடாது, வாரத்துக்கு ஒரு மைல் கூட்டலாம். எனக்குத் தெரியாமல் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதியிருக்கிறாய்! "ஏட்டி, ஒன்கிட்டச் சொன்னா சைக்கிளைக் கெணத்துல போட்டிருவியே" என்றார்கள். போட்டுத்தான் இருப்பேன்.

அன்றிலிருந்து வாரக்கணக்கை நானே வைத்துக்கொண்டேன். நாலாம் வாரம் ஆறு மைலுக்கு ஆசைப்பட்டார்கள், விடவில்லை. போன திங்கட்கிழமை ராஜபாளையம் வரை ஓட்டிப்போய், நாள் முழுதும் பாடம் நடத்தி, சைக்கிளிலேயே திரும்பினார்கள். வாசலிலேயே நாடியைப் பிடித்துப் பார்த்தேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன், "பசிக்குடி, சோத்தை வையி" என்றார்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஜெபத்தில் கீர்த்தனையை முழுசாகப் பாடினார்கள். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

ஆனாலும் என் மனம் அடங்கவில்லை. அப்பாவுக்கு இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த நீ, எனக்கு மூன்று கடிதமாக "சுகமாயிருக்கிறேன்" என்று ஒற்றை வரிதான் எழுதுகிறாய், எழுத்தும் சாய்ந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் உனக்கு லீவு தருகிறார்களா இல்லையா? அப்பாவைக் கேட்டால் மழுப்புகிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுது, இல்லையென்றால் கப்பலேறி நேரிலேயே வந்துவிடுவேன்.

ஆண்டவர் உனக்குத் தேக சுகமும் நல்ல தூக்கமும் தந்து நடத்தட்டும். பதிலை வீட்டு விலாசத்துக்கு, என் பெயருக்கே போடு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் நம்பாத,
உன் பிரியமுள்ள அம்மா,
அன்னாள் ஞானராஜ்