கேட் போட்ட நாள்

மார்ச் 4, செவ்வாய்

பாலத்தை மூடிவிட்டார்கள். பழுது பார்க்கிறார்களாம். இருக்கிற ஒரே நேர்வழியையும் அடைத்துவிட்டு, சுற்றிப் போ என்று ஒரு மஞ்சள் பலகை. பின்சீட்டில் நான் தைத்து முடித்த திரைச்சீலை மூட்டைகள், முன்சீட்டில் பேசாத மனுஷன். மருத்துவமனைக்கு அரை மணி தாமதம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பரவாயில்லை என்றாள். நான்தான் ஒரு பாட்டம் அழுதேன்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கால் தேறிவிட்டது, கையும் பரவாயில்லை. பேச்சுதான் வரவில்லை. ரயில் நிலையத்தில் இத்தனை வருஷம் மைக்கில் அறிவிப்புச் சொன்ன என் வீட்டுக்காரருக்கு, 'தண்ணி' என்ற ஒரு சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது. "ஜூனுக்குள்ள பேச்சு வரலன்னா பார்சல் பிரிவுக்கு மாத்தவேண்டியிருக்கும்மா, தப்பா நினைக்காதீங்க" என்று நிலைய அதிகாரி போனில் சொன்னார். அவரைச் சொல்லி என்ன? அதைக் கேட்டதிலிருந்து இவர் சாப்பாட்டைச் சரியாகத் தொடவில்லை.

சாமி, உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு நீ பாலத்தை மூடுகிறாய். ரொம்ப நல்லா இருக்கு.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் சுற்றுவழி. இன்றும் தாமதம். இன்றும் "ம்... ம்...", அவ்வளவுதான். சாமியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும்!

சுற்றுவழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. முந்தின இரண்டு தடவையும் திறந்திருந்தது. இன்று நாங்கள் போய்ச் சேரவும் கேட் போடவும் சரியாக இருந்தது. எனக்கு வந்ததே கோபம்! ஸ்டியரிங்கில் குத்தினேன். "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா? டயரையும் பஞ்சராக்கிடு, திருப்தியா இருக்கும்!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் பயந்துபோய்க் குனிந்து தன் டயரைப் பார்த்தார்.

தூரத்தில் ரயில் ஊதியது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

முழுசாக. ஓர் எழுத்து பிசகாமல். அந்தக் கணீர்க் குரலில்!

ரயில் போய்விட்டது, கேட் திறந்துவிட்டது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழுதுகொண்டிருக்கிறோம். "என்னங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். சொன்னார். மருத்துவமனை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பயிற்சிப் பெண் கைதட்டினாள். "சில பேருக்கு ரொம்பப் பழகின வாக்கியம் அப்படியே பத்திரமா இருக்கும்மா. இதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை இழுத்துடலாம்" என்றாள்.

பாலம் திறந்திருந்தால்? நான் ஆசைப்பட்ட நேர்வழியில் தண்டவாளமே கிடையாது. சாமி, நீ வழியை அடைக்கவில்லை, திருப்பிவிட்டிருக்கிறாய். எனக்குத்தான் புரியவில்லை. திட்டினதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன், என் நிலைமை உனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் பேசிக்கொள்வோம்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் சமையலறை வாசலில் நின்று அறிவிப்பு: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காபி... தாமதமாக வந்துகொண்டிருக்கிறது."

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. காபி! புதுச்சொல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு டம்ளர் கொடுத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மோசமான நாள். 'வண்டி' என்று சொல்ல வந்து, "வ... வ..." என்று திணறி, டம்ளரைத் தூக்கி எறிந்தார். "அப்பா, விடுங்கப்பா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மகள் அழுதாள். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு: "நேரா வரலன்னா சுத்தி வாங்களேன். வண்டி வேணாம். ரயில்னு சொல்லுங்க."

"ரயில்" என்றார்.

அது நான் யோசித்துச் சொன்னது இல்லை. யார் சொல்லவைத்தது என்று எனக்குத் தெரியும்.

மே 6, செவ்வாய்

பாலத்தைத் திறந்துவிட்டார்கள். நான் கேட் வழியாகத்தான் போனேன். கேட் பக்கம் வந்ததும் அவர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஜூன் 9, திங்கள்

இன்று அவருக்கு மைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். "நீ வராத, எனக்குப் படபடங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்கிற ஆளா? இருக்கிற நான்கு நடைமேடையில் முதலாவதில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

டிங் டாங். அவர் குரல்! கொஞ்சம் நிதானமாக, ஆனால் அதே குரல். முதலாம் நடைமேடைக்கு வரவேண்டிய ரயில் இன்று... என்றவர் நின்றுவிட்டார். "நா... நா..." என் உயிர் என்னிடம் இல்லை. நான்காம் என்று சொல்ல வருகிறார், வரவில்லை. சாமி, கைவிட்டுவிடாதே.

"...கடைசி நடைமேடைக்கு வரும்" என்றார், சத்தமாக, தெளிவாக.

சுற்றிப் போய்ப் பிடித்துவிட்டார் என் மனுஷன்!

"கடைசி நேரத்துல மாத்துறான் பாரு, அறிவுகெட்டவன்!" என்று என் பக்கத்தில் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. மொத்தக் கூட்டமும் திட்டிக்கொண்டே மேம்பாலப் படியில் ஏறியது. எனக்குப் பிடிக்கவேண்டிய ரயில் எதுவும் இல்லை. நானும் அவர்களோடு ஏறினேன்.