பாதிப் பலகை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் அப்பாவும் சுகந்தானே? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இன்னும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சாப்பிடுகிறீர்களா?

எங்கள் அருங்காட்சியகப் பட்டறைக்கு ஒரு விருந்தாளி. ஆறு வற்றியபோது தலைகாட்டிய போர்க்காலக் கவச வண்டி. ஐம்பது வருடம் சேற்றுக்குள் கிடந்தது. ஓட வைத்தே தீருவேன் என்று மேஸ்திரி ஒற்றைக் காலில் நிற்கிறார். நேற்று என்ஜின் அடித்தட்டைக் கழற்றினேன். எண்ணெய் தேன் நிறத்தில் வழிந்தது. வெளியே அத்தனை துரு, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. கையில் ஏந்திக்கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டினேன்.

அப்பா ஓட்டியதாகச் சொல்வாரே, அதே ரகம், அதே ஆறு. அந்த ஆற்றில் இப்படி ஏழெட்டு மூழ்கியதாம். அவரிடம் கொஞ்சம் விசாரித்து எழுது.

உன் அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

அந்தப் புராணத்தை மறுபடி ஆரம்பிக்காதே. எனக்குப் பார்த்த பெண் வீட்டாரிடம் அவர் அதை அளந்துவிட்டார். அவர்கள் விசாரித்தார்கள், படையில் அவர் சமையல்காரர் என்று பதில் வந்தது. “புளுகர் வீட்ல பொண்ணு குடுக்க முடியாது” என்று எழுந்து போனார்கள். அன்று நாற்காலிகளை மடக்கி வைத்தவன் நான்.

கதைதான் உனக்குத் தெரியுமே. டிரைவருக்குத் தோளில் குண்டடி. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு நம் சமையல்காரர் வண்டியை எடுத்தார். குள்ளமானதால் கிளட்ச் எட்டவில்லை. காய் நறுக்கும் பலகையைப் பாதியாக அறுத்து ஒரு துண்டை மிதியில் கட்டினாராம். இன்னும் எத்தனை முழம் பூ சுற்றுவது என் காதில்?

நான் கேட்கமாட்டேன். இன்றும் சமையலறை அவர் கையில்தான். புதுப் பலகை வாங்கி வைத்தேன், தொடவில்லை. அம்மா சலித்துக்கொண்ட அதே துண்டுப் பலகைதான். அதைப் பார்த்துத்தான் கதையே கட்டியிருப்பார்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

உட்கார்ந்து படி.

டிரைவர் இருக்கைக்குக் கீழே சேற்றை அள்ளிக்கொண்டிருந்தேன். கிளட்ச் மிதியில் ஒரு தோல்வார் தட்டுப்பட்டது. வாருக்கு அடியில் மரம். பிரஷால் தேய்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கீறல்கள்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்றார் மேஸ்திரி.

“காய் நறுக்குற பலகை சார்.”

“யாரோடது?”

“எங்க வீட்டுது.”

அறுத்த விளிம்பை இந்தக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து அனுப்புகிறேன். நடுவில் ஒரு கோணல், ரம்பம் வழுக்கிய இடம். சமையலறைக்குப் போய் நீயே வைத்துப் பார்.

என்ஜின் போன வாரம் உயிர்பெற்றது. தரையே அதிர்ந்தது. யாரும் கை தட்டவில்லை, கோயிலில் நிற்பதுபோல நின்றோம். மே பத்தாம் தேதி முதல் ஓட்டம். ஓட்டப்போவது நான். பலகையைக் கழற்றாமல் அந்த இருக்கையில் அடங்குகிறவள் நான் ஒருத்திதான். குள்ளக் கத்தரிக்காய் என்று கேலி செய்தாயே, அனுபவி.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். “பலகையக் கொஞ்சம் குடுங்கப்பா” என்றேன். நான் அப்பா என்று கூப்பிட்டதில் திகைத்துப்போய்க் கத்தியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

காகிதத்தை விளிம்பில் வைத்தேன். கோணலோடு கோணல் போய் உட்கார்ந்தது. இதில் நறுக்கியதைச் சாப்பிட்டுத்தானே அக்கா நாம் வளர்ந்தோம்.

“நான் நம்பலப்பா” என்றேன்.

“நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்” என்றார்.

பிறகு, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். நடு ஆற்றில் வண்டி சிக்கியது. பின்னால் எடுக்கப் பார்த்திருக்கிறார், ரிவர்ஸ் கியர் விழவில்லை. ஒவ்வொருவராகத் தூக்கிக் கரைசேர்த்தார். இரண்டு பேரை ஆறு கொண்டுபோய்விட்டது.

“எனக்கு ஓட்டத் தெரியாததாலதான் விழலையோ என்னவோ. அக்காகிட்ட கேளு” என்றார். வெங்காயம் அப்படியே கிடக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

தம்பி

மே 2

தம்பி,

இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

கியர் பெட்டியைத் திறந்தபோது ரிவர்ஸ் பற்சக்கரம் உடைந்து கிடந்தது. உடைந்த முனைகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. அப்படித் தேய, உடைந்தபிறகு வண்டி வெகுதூரம் ஓடியிருக்கவேண்டும். அப்பா ஏறி உட்காருவதற்கு ரொம்ப முன்னாலேயே அது போய்விட்டது. யார் ஓட்டியிருந்தாலும் விழுந்திருக்காது அப்பா.

புதிதாகச் செய்து போட்டிருக்கிறோம். இப்போது விழுகிறது.

பத்தாம் தேதி உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் ரிவர்ஸ்தான் எடுக்கப்போகிறேன். வரும்போது பலகையைக் கொண்டுவாருங்கள்.

உங்கள் மகள்