பூஜ்யம் போட்ட கட்டம்

அனுப்புநர்:
கடன் கணக்கு எண் 4417-இன் இணைக் கடன்தாரர்,
தையற்கடை மாடி, பின்புற அறை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வீட்டுக்கடன் நிறுவனங்கள் மேற்பார்வை அலுவலகம்.

பொருள்: கட்டணமே இல்லை என்று சொல்லித் தரப்பட்ட வீட்டுக்கடனில் 1,40,000 பிடித்தம் செய்தது – காப்பீட்டுத் தொகையைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பது நாள்களுக்குள் புகார் தர வேண்டும் என்பது விதி. இது நாற்பத்தோராம் நாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதலாம், அது உண்மையும்கூட. ஆனால் முதல் காரணம் வெட்கம். பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. என் கணவர் லாரிப் பட்டறையில் வெல்டர். நான் கல்லூரியில் கணிதம் படித்தவள். எந்த ரசீது வந்தாலும் "எங்க வீட்டுக் கணக்குப் புலிகிட்ட குடுங்க" என்பார். கடன் தரும் மூன்று இடங்களை ஒப்பிட்டு நானே அட்டவணை போட்டேன்: வட்டி, தவணை, காலம், கட்டணம். கூட்டுறவு வங்கி எழுத்தர் பரிசீலனை, சட்டக் கருத்து, மதிப்பீடு என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தந்தார். கூட்டினால் நாற்பத்தெட்டாயிரம். இப்போது கடன் தந்திருக்கும் தனியார் நிறுவனத்தின் முகவரோ, "சார்ஜ் எல்லாம் ஒண்ணுமே கிடையாது மேடம்" என்றார். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். மறைக்காமல் எழுதித் தந்த வங்கி, அதனாலேயே என் அட்டவணையில் கடைசிக்குப் போனது. "எதுக்கும் இவங்ககிட்டயும் எழுதி வாங்கிக்கலாமே" என்று கணவர் சொன்னார். தேவையில்லை என்றவள் நான்தான்.

3. கடன் இருபது லட்சம். காசோலையில் இருந்தது 18,60,000. காப்பீடு 92,000, சட்டம் மற்றும் மதிப்பீடு 31,000, ஆவணப் பராமரிப்பு 17,000 கழிக்கப்பட்டிருந்தன. காப்பீட்டுப் படிவம் முப்பத்தெட்டுப் பக்கங்களில் இருபத்து மூன்றாவது. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டேன். மடியில் குழந்தை இருமிக்கொண்டிருந்தாள். கேட்கப் போனபோது, "நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க" என்றார்கள்.

4. வீட்டை விற்பவர் ஓய்வுபெற்ற செவிலியர். முழுத் தொகையும் வராமல் பத்திரம் பதிய முடியாது என்கிறார். "பாவமாத்தாம்மா இருக்கு, ஆனா எனக்கும் வேற வழியில்ல" என்று இம்மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குமேல் நாங்கள் கொடுத்த முன்பணம் இரண்டு லட்சமும் போய்விடும். காசோலை எங்கள் அலமாரியில் சும்மா கிடக்கிறது, வட்டி ஓடுகிறது. கடனை முடித்துக் கூட்டுறவு வங்கிக்கு மாறலாமென்றால் அதற்கும் இரண்டு சதவீதம் கட்டணமாம். அது முப்பத்தோராம் பக்கம்.

5. இப்போதைய அறையின் சுவர் ஓதம் ஏறிக் கிடக்கிறது. மகளுக்கு மூச்சிரைப்பு. அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று ஜன்னல் கண்ணாடியில் காகித நட்சத்திரம் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தாள். "நம்ம ஜன்னலுக்கு எப்போம்மா போவோம்?" என்று தினமும் கேட்கிறாள்.

6. கணவர் இதுவரை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போகிறார். கணக்குப் புலி என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

ஆகவே, நாங்கள் கேட்காத காப்பீட்டின் 92,000-ஐ மாதக் கடைசிக்குள் திருப்பித் தர உத்தரவிடுங்கள். மீதியை என் வளையல்களை விற்றுச் சமாளித்துக்கொள்கிறோம். கையில் வரும் தொகை எவ்வளவு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஒரே தாளில் எழுதித் தரவும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்துங்கள். என் அட்டவணையில் இல்லாமல் போனது அந்த ஒரு பத்திதான்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
இணைக் கடன்தாரர்

நாள்: மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் முன்பு
இடம்: மேற்படி முகவரி

இணைப்பு: கடன் ஒப்பந்த நகல், காசோலை நகல், நான் போட்ட அட்டவணையின் அசல். பூஜ்யம் போட்ட கட்டத்தை நான் திருத்தவில்லை.